குதிரைக்குப் பெயர் இருந்த கல்

அந்தக் கல்லில் குதிரைக்குப் பெயர் இருக்கிறது. டச்சஸ் என்று பெயர். ஆழமாக வெட்டிய எழுத்து, நூறு வருட மழையிலும் அழியவில்லை. குதிரைக்கு மேலே நான்கு துரைமாருடைய பெயர்கள், பட்டத்தோடும் பிறந்த ஊரோடும். குதிரைக்குக் கீழே கடைசி வரி: 'இத்தோட்டத்தின் இருபத்து மூன்று கூலிகளும்.' அதோடு கல் முடிந்துவிடுகிறது.

முதலாம் உலகச் சண்டைக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக நட்ட கல் அது. லிந்துலைக்கு மேலே ஊசிமலைத் தோட்டத்தில், பழைய துரை பங்களாவின் புல்தரையில் நிற்கிறது. பங்களா இப்போது ஹோட்டல். நுவரெலியாவிலிருந்து புறப்படும் நினைவிடச் சுற்றுலாவில் அந்தக் கல்தான் கடைசி இடம். முதலில் டவுனில் ஒரு நினைவுத் தூண், அடுத்து ஒரு தேவாலயத்தில் பித்தளைத் தகடு, அப்புறம் வேனில் ஏறி இங்கே வந்து கல்லைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி. வாரத்துக்கு மூன்று நாள் வெள்ளைக்காரர்களை அங்கே கூட்டிவந்து நிறுத்தி, ஆங்கிலத்தில் விளக்கம் சொல்பவள் நிஷாந்தி. கம்பெனி தட்டச்சு அடித்துக் கொடுத்த தாள் ஒன்று அவளிடம் இருந்தது. அதில் கடைசி வாக்கியம் இது: 'தொழிலாளர்களின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை.'

இரண்டு வருடமாக அவள் அதை அப்படியே ஒப்பித்து வந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். பெயர் பதிவாகவில்லையாம். விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் நிறுத்தி, பெயர் பெயராகக் கூப்பிட்டு, வராதவனைத் தேடி அவன் குடியிருந்த லயத்துக்கு ஆள் அனுப்பிய தோட்டம் அது. வேலை வாங்குவதற்குப் பெயர் இருந்திருக்கிறது. செத்த பிறகு எண்ணிக்கை போதும் என்று விட்டுவிட்டார்கள்.

நிஷாந்தி அதே தோட்டத்தில், கீழ்ப்பக்கத்துப் பணிய லயத்தில் பிறந்தவள். இப்போது முப்பத்து நான்கு வயது. சாதாரண தரப் பரீட்சை பாஸ் செய்துவிட்டுத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனாள். ஆறு வருடம் பறித்தாள், கல்யாணம் செய்தாள், ஒரு பெண்பிள்ளை பிறந்தது. பிறகு குவைத்துக்குப் போனாள். வீட்டு வேலைதான். அந்த வீட்டுப் பிள்ளைகள் படித்தது ஆங்கிலப் பள்ளிக்கூடம். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டிக்கொண்டே அவளும் நல்ல ஆங்கிலம் கற்றுக்கொண்டு வந்தாள்.

அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் மேரி. அவளுக்கு முன்னால் இருந்தவள் மேரி, அதனால் இவளும் மேரி. வந்த புதிதில் மூன்று தடவை தன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். மேடம் மூன்று தடவையும் சிரித்தாள். நான்கு வருடம் கழித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது, கடவுச்சீட்டைப் பார்த்து அதிகாரி பெயரைக் கூப்பிட்டார். இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் அது தன்னை என்று அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு அங்கேயே நின்று அழுதாள். இனி எந்த வேலைக்குப் போனாலும் பெயரைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போக மாட்டேன் என்று சட்டைப் பையில் பெயர் அட்டை குத்தும் இந்த வேலையைத் தேடிப் பிடித்தாள். இந்த வேலையை நம்பித்தான் மகளை நுவரெலியா டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள்.

ஊசிமலை மாரியம்மன் கோயில் பங்களாவிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு சின்ன மேட்டின் மேல் இருக்கிறது. ஏறிப் போக இருபத்து மூன்று கல்படிகள். ஒவ்வொரு படியிலும் ஒரு பெயர் வெட்டியிருக்கும். கோயிலுக்குக் கல் கொடுத்த உபயக்காரர்கள், அடியார் கால் படட்டும் என்று படியில் பெயர் போடுவது நம்மவர்கள் வழக்கம்தானே. யார் எவர் என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பெயர்கள் மனப்பாடம். ஏனென்றால் படித்தாண்டு விளையாட்டு அங்கேதான். நொண்டி அடித்து ஏற வேண்டும். கால் வைக்கும் படியின் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மூக்கன், காளிமுத்து, சின்னான், சங்கிலி என்று போகும். தப்பினால் கீழே இறங்கித் திரும்பவும் மூக்கனிலிருந்து தொடங்க வேண்டும். கடைசிப் படிக்கு மட்டும் பெயர் சொல்வதில்லை. அதில் கால் வைத்ததும் எம்பி மணியை அடித்தால் ஜெயித்த மாதிரி.

நிஷாந்தி எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியதே அந்தப் படிகளில்தான். அப்படிப்பட்டவள் கல்லின் முன்னால் நின்று பெயர்கள் இல்லை என்று இரண்டு வருடம் சொல்லியிருக்கிறாள். புல்தரையில் நின்றால் கோயில் கோபுரம் கண்ணுக்கு முன்னால் தெரியும். அப்போதும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாமி கும்பிடப் போனாள். படிகளின் மேல் பகுதி பளபளவென்று இருந்தது. திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கிறது, ஹோட்டல்காரர்கள் டைல்ஸ் கொடுத்திருக்கிறார்கள், கோயில் கமிட்டி வேலையைத் தொடங்கிவிட்டது. மேசன் கிஷாந்த் மேலேயிருந்து ஒட்டிக்கொண்டு வந்து ஒன்பது படியை மூடியிருந்தான். மீதிப் பதினான்கும் புதன்கிழமை. ஒட்டியது காயட்டும் என்று அன்றைக்கு அடியில் ஒரு தளம் போட மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தான். முதல் படிக்கும் கீழே மண்ணுக்குள் புதைந்து கிடந்த ஒரு கல் வெளியே தெரிந்தது.

"இதுலயும் என்னமோ எழுதியிருக்குக்கா," என்றான் கிஷாந்த்.

நிஷாந்தி குனிந்து கையால் மண்ணைத் துடைத்தாள். எழுத்துக் கோணல்மாணலாக இருந்தது. '1916. பசரா சண்டைக்கிப் போறவங்க 23 பேர் உபயம். ஆத்தா காப்பாத்து.'

அவள் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். பசரா எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். குவைத்து வீட்டு மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது, வடக்கே இரண்டு மணி நேரம் போனால் பஸ்ரா என்று அந்த வீட்டு டிரைவர் காட்டியிருக்கிறான். பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை வெந்துபோகும் ஊர் அது. இந்தக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரட்டுக்குப் போனவர்களை அந்த வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். போவதற்கு முன் ஆளுக்கு ஒரு கல் தூக்கிவந்து, ஆத்தாளிடம் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. அந்தப் பெயரையும் இப்போது டைல்ஸ் ஒட்டி மூடுகிறோம்.

கமிட்டித் தலைவர் பழனியாண்டி அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயது, தோட்டத்தில் எல்லோருக்கும் மாமா. அவரிடம் ஓடினாள்.

"மாமா, இது பங்களாக் கல்லுல இருக்கிற இருபத்து மூணு பேரு. அவங்க பேருதான் இந்தப் படி. வேலய நிப்பாட்டுங்க."

பழனியாண்டி போய்க் கல்லைப் பார்த்தார். வாசித்தார். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "இருக்கட்டும் புள்ள. அவங்க போயி நூறு வருசம் ஆச்சு. இந்தப் படியில பாசி புடிச்சு எத்தன பேரு வுழுந்தாங்கன்னு ஒனக்குத் தெரியாதா? ஒங்க அத்த இடுப்பு ஒடஞ்சு படுத்தது எங்க வுழுந்து?"

அது பொய்யில்லை. அவருடைய மனைவி அந்தப் படியில்தான் விழுந்தாள், இன்றைக்கும் கோலோடுதான் நடக்கிறாள்.

"அதுக்காக பேர மூடிறதா மாமா?"

"பேரு போடுவோம் புள்ள. மேல மார்பிள் கல்லுல போடப் போறோம், டைல்ஸ் குடுத்த ஹோட்டல் பேர. அவங்களுக்கு நன்றி சொல்ல வேணாமா?"

அந்த வார்த்தையில்தான் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. உயிரைக் கொடுத்தவன் பெயர் உள்ளே, டைல்ஸ் கொடுத்தவன் பெயர் வெளியே. துரை செய்ததாவது பரவாயில்லை, அவன் அந்நியன். நம்ம ஆள் நம்ம கோயிலில், நம்ம கையாலேயே செய்கிறார், அதுவும் நன்றியோடு செய்கிறார். அவள் என்னென்னவோ பேசினாள். கமிட்டியில் முடிவெடுத்தது, ஒரு ஆள் சொல்லி மாற்ற முடியாது என்று அவர் போய்விட்டார்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போய் ஜெயகாந்தனிடம் சொன்னாள். சுற்றுலாவை நடத்துகிறவன் ஜெயகாந்தன், ஹட்டன்காரன், அவனும் தோட்டத்துப் பிள்ளைதான். படிக்கு அடியில் கிடந்த கல்லை ஃபோனில் படமெடுத்துக்கொண்டு போயிருந்தாள். ஹோட்டலில் ஒரு வார்த்தை சொல்லி வேலையை நிறுத்தலாம், கடைசி இடமாகக் கோயில் படியையும் காட்டலாம் என்றாள். ஜெயகாந்தன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"எங்க தோட்டத்துலயும் இப்பிடி யாராவது போயிருப்பாங்க," என்றான். பிறகு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தான். "ஆனா வேணாங்க நிஷாந்தி. டைல்ஸ் குடுத்தது அவங்க. நம்ம போயி அத நிப்பாட்டச் சொன்னா நமக்கு கேட்டையே மூடிருவாங்க. பங்களாக் கல்லு இல்லாட்டி நம்ம டூரே இல்ல. நீங்க தாள்ல இருக்கிறத மட்டும் சொல்லுங்க."

"தாள்ல இருக்கிறது பொய்யி சேர்."

"நான் எழுதல. எனக்கும் அப்பிடித்தான் குடுத்தாங்க."

புதன்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். டவுன் தூணில் படமெடுத்தார்கள். தேவாலயத்தில் பித்தளைத் தகட்டின் முன்னால் ஒருவர் தொப்பியைக் கழற்றி நின்றார். அதையெல்லாம் நிஷாந்தி குறை சொல்லவில்லை. செத்தவனுக்குத் தொப்பியைக் கழற்றுவது நல்ல பழக்கம்தான். பதினொன்றரைக்குப் பங்களாப் புல்தரைக்கு வந்தார்கள். ஹோட்டல் மேனேஜர் எலுமிச்சைத் தண்ணீர் தட்டோடு நின்று வரவேற்றார். நிஷாந்தி கல்லுக்குப் பக்கத்தில் நின்று நான்கு பெயரையும் சொன்னாள். குதிரையின் பெயரைச் சொன்னாள். இருபத்து மூன்று கூலிகள் என்ற வரியையும் வாசித்துவிட்டு நிறுத்தினாள்.

யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தாள். அவர்கள் பெயர் என்ன என்று ஒரே ஒரு வாய் கேட்டால் போதும், பதில் சொல்வது அவள் கடமையாகிவிடும். யாரும் கேட்கவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு குதிரையின் பெயருக்குக் கிட்டே போனார்கள். எப்போதும் அப்படித்தான். பாவம் குதிரை என்று ஒரு அம்மா உண்மையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நிஷாந்தி கையிலிருந்த தாளை நான்காக மடித்துப் பையில் போட்டாள்.

"இந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "இவர்களுடைய பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை என்று. இரண்டு வருடமாகச் சொன்னேன். அது பொய். பெயர்கள் இருக்கின்றன. இங்கேயிருந்து ஐந்து நிமிடம். அவை இன்றைக்கு மூடப்படப் போகின்றன. வருகிறவர்கள் வாருங்கள்."

மேனேஜர் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஃபோனை எடுத்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்த அம்மாதான் முதலில் பின்னால் வந்தாள். பிறகு எல்லோரும் வந்தார்கள். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் வரிசையாகப் போனார்கள். பையில் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. ஜெயகாந்தன்தான். அவள் எடுக்கவில்லை.

பகல் நிறுவைக்குக் கொழுந்து கொண்டு போகிற நேரம் அது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவம் கோயிலுக்குப் பக்கத்தில்தான். கொழுந்து மூட்டையோடு வந்த பெண்கள் இத்தனை வெள்ளைக்காரர்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். கிஷாந்த் பதினான்காம் படியில் சாந்தைக் கொட்டப் போகிறான். பழனியாண்டி பக்கத்தில் நிற்கிறார்.

"கொஞ்சம் பொறு கிஷாந்த்," என்று சொல்லிவிட்டு நிஷாந்தி சப்பாத்தைக் கழற்றினாள். வந்தவர்களும் கழற்றினார்கள். அடியில் கிடந்த கல்லை வாசித்து ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு முதல் படியில் காலை வைத்தாள்.

"மூக்கன்."

அடுத்த படி. "காளிமுத்து." அடுத்தது. "சின்னான்." வந்தவர்களில் இரண்டு மூன்று பேர் குனிந்து, புரியாத எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்கள். ஐந்தாம் படிக்குப் போவதற்குள் கீழே நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். தங்கள் சின்ன வயது விளையாட்டை இவள் வெள்ளைக்காரர்களுக்கு ஆடிக் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவர்களும் சேர்ந்து சொன்னார்கள். கருப்பையா, அங்கமுத்து, வீரன், குப்பன். சொல்லிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி அடிக்கல்லைக் குனிந்து வாசித்தாள். வாசித்ததைப் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. பெயர் சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை.

பதினான்கு படி முடிந்து டைல்ஸ் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை, பூப்போட்ட வழுவழுப்புதான். நிஷாந்தி அதன் மேல் காலை வைத்து மனப்பாடமாகச் சொன்னாள். "மாயாண்டி. பிச்சை." பதினேழாம் படியில் அவளுக்குப் பெயர் விட்டுப்போயிற்று. அப்படியே நின்றாள்.

"சடையன்," என்று கீழேயிருந்து குரல் வந்தது. பழனியாண்டி. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"சடையன்," என்று சொல்லி அவள் ஏறினாள். இருபத்திரண்டு வரைக்கும் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். இருபத்து மூன்றாம் படியில் அவள் கால் வைத்ததும் அவ்வளவு சத்தமும் நின்றுபோயிற்று. ஒரு பெண் பழக்கத்தில், "மணிய அடி புள்ள," என்றாள்.

நிஷாந்தி மணியை அடிக்கவில்லை. "இந்தப் படிக்கு என்னா பேரு?" என்று கேட்டாள்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் படியில் யாரும் எந்தக் காலத்திலும் பெயர் சொன்னதில்லை. ஜெயிக்கிற அவசரத்தில் குனிந்து வாசித்ததும் இல்லை.

"அது மணிப் படி," என்றாள் ஒருத்தி மெதுவாக.

"மணிப் படிக்கும் ஒரு ஆளு கல்லு தூக்கிட்டு வந்திருக்கானே. அவனும் பசராவுலதான கெடக்கிறான்." பழனியாண்டியைப் பார்த்துச் சொன்னாள்: "பங்களாக் கல்லுல பேரு இல்லாதது தொர செஞ்சது மாமா. இது போன சனிக்கெழம நம்ம செஞ்சது."

பழனியாண்டி கிஷாந்தின் சாமான் சாக்கிலிருந்து சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். டைல்ஸில் ஒரு தடவை கால் வழுக்கிற்று, வெள்ளைக்கார அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். மேல் படிக்கு வந்து உட்கார்ந்து உளியை வைத்து அடித்தார். டைல்ஸ் சீக்கிரம் உடைந்துவிட்டது. அடியில் சாந்து நான்கு நாளில் இறுகிப்போயிருந்தது. கொத்திக் கொத்தி எடுத்தார். எழுத்துக்குள் போன சாந்தை நிஷாந்தி ஒரு கம்பியால் நோண்டினாள். கோயில் செம்பிலிருந்த தண்ணீரை ஊற்றிக் கழுவினாள்.

நல்லமுத்து.

அவள் வாசித்தாள். மேலே நின்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். கீழே மூட்டைப் பக்கத்தில் நின்ற ஒருத்திக்குக் கேட்கவில்லை, "யாரு யாரு" என்றாள். "நல்லமுத்து," என்று நிஷாந்தி இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

பையில் ஃபோன் திரும்பவும் அடித்தது. இந்தத் தடவை எடுத்தாள். நாளைக்கு வரவேண்டாம், பெயர் அட்டையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள் என்றான் ஜெயகாந்தன். "சரிங்க சேர்," என்று வைத்தாள். மகளிடம் என்ன சொல்வது என்று நினைத்தாள். பெயர் அட்டையைச் சட்டையிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

பழனியாண்டி இன்னும் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். நல்லமுத்துவின் மேல் ஒட்டியிருந்த கடைசித் துண்டு சாந்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு சுத்தியலைக் கிஷாந்திடம் நீட்டினார்.

"மத்த எட்டையும் ஒடச்சு எடு."

"திருவிழாவுக்கு ரெண்டு வாரங்கூட இல்ல தலைவரே. மழ பேஞ்சா வழுக்குமே?"

"ஓரத்துல ஒரு கம்பி நட்டுக் குடு," என்றார் பழனியாண்டி. "புடிச்சுக்கிட்டு ஏறுவோம்."